பழி வாங்காத படை

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்புச் சகோதரர்களே! 2024-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. கீழ்பென்னாத்தூரில் ஜும்ஆ முடிந்து, காஸாவில் அல்லலுறும் மக்களுக்காகக் கையேந்தி துஆச் செய்து, ஜமாஅத்தார் கலைந்து கொண்டிருந்தனர். நான் வெளிப்பள்ளிக்கு வந்தபோது ஓர் இளைஞர் தூணருகே காத்து நின்றார். வண்டி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்பவர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரலிடுக்கில் கிரீஸ் கறை போகாதவர். தம் கைபேசியை என் முன்னே நீட்டினார். இடிந்த வீட்டின் கற்குவியலிலிருந்து ஒரு தகப்பன் தன் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கி வரும் படம்.

"ஹஸ்ரத், வாராவாரம் துஆ கேக்குறோம். ஆமீன் சொல்றோம். அப்புறம் வீட்டுக்குப் போயி சோறு சாப்பிடுறோம். இதுக்கு மேல நமக்கு ஒண்ணுமே இல்லையா?"

"பொறுமையா இருங்க தம்பி. அல்லாஹ் பார்த்துக்கிட்டுதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு நான் செருப்பைத் தேடினேன்.

அவர் விடவில்லை. "பொறுமைன்னா சும்மா இருக்கிறதா ஹஸ்ரத்?"

அதற்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்து வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னுடனேயே வீட்டுக்கு வந்தது. உண்ண உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்தது. ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதி ஸனது பெற்ற ஒருவன், ஒரு மெக்கானிக் கடைத் தம்பியின் ஒற்றைக் கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவியது எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் கிதாபுகளைப் புரட்டினேன். சரித்திர நூல்களையும் புரட்டினேன். அடுத்த ஜும்ஆவில் பேசியதையே வாசக அன்பர்களுக்காக இங்கு எழுதுகிறேன்.

ஸப்ர் என்பது என்ன?

நாம் 'பொறுமை' என்று எளிதாகச் சொல்லிவிடும் சொல் அரபியில் 'ஸப்ர்'. திருமறையில் ஏறக்குறைய 90 இடங்களில் ஸப்ர் பேசப்படுவதாக இமாம்கள் கணக்கிட்டுள்ளனர். அதன் மூலப் பொருள் பிடித்து நிறுத்துதல், கட்டி வைத்தல் என்பதாகும். எதைக் கட்டி வைப்பது? நாக்கைப் புலம்பலிலிருந்து கட்டி வைப்பது. கையை வரம்பு மீறுவதிலிருந்து கட்டி வைப்பது. காலை ஓடிப் போவதிலிருந்து கட்டி வைப்பது. மூன்றாவதைக் கவனியுங்கள்! நின்ற இடத்தை விட்டு ஓடாதிருப்பதும் ஸப்ரே. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவனுக்கு ஸப்ர் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

மக்காவின் பதின்மூன்று ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அன்னை ஸுமைய்யா (ரலி) அவர்கள் ஈட்டியால் குத்தப்பட்டு இஸ்லாத்தின் முதல் ஷஹீதானார்கள். பிலால் (ரலி) அவர்கள் சுடுமணலில் பாறைக்கடியில் கிடத்தப்பட்டார்கள். மூன்றாண்டுகள் ஒரு கணவாயில் தள்ளப்பட்டு, கொடுக்கல் வாங்கல் அற்று, பசியால் இலை தழைகளைத் தின்றார்கள். அக்காலத்தில் திருப்பி அடிக்க அனுமதி இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டார்களா? இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மெலிந்த உடலும் குட்டையான உருவமும் உடையவர். கஅபாவின் அருகே குறைஷித் தலைவர்கள் கூடியிருந்த நேரம் பார்த்துச் சென்று உரத்த குரலில் குர்ஆன் ஓதினார்கள். முகம் வீங்க அடி வாங்கித் திரும்பினார்கள். நாளையும் போய் ஓதத் தயார் என்றார்கள். அவர்கள் கையை ஓங்கவுமில்லை, குரலைத் தாழ்த்தவுமில்லை. இதுவே ஸப்ர்!

மனித குலத்தின் முதல் கொலையை எடுத்துச் சொல்லும்போது அல்லாஹ் ஹாபீலின் பதிலையும் சேர்த்தே நமக்கு அறிவிக்கிறான். என்னைக் கொல்ல நீ கை நீட்டினாலும் உன்னைக் கொல்ல நான் கை நீட்டமாட்டேன், அகிலங்களின் இரட்சகனை நான் அஞ்சுகிறேன் என்ற கருத்தில் அமைந்தது அந்தப் பதில். அல்மாயிதா அத்தியாயத்தில் காண்க. ஆகவே, அடியாமையும் பழி வாங்காமையும் யாரோ பிறரிடமிருந்து நாம் கடன் வாங்கிய சரக்கு என்று எவரும் எண்ண வேண்டாம். அது ஆதம் (அலை) அவர்களின் வீட்டிலேயே பிறந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைத்துப் பேசினால் நான் அறிவுக்குத் துரோகம் செய்தவனாவேன். மதீனா சென்ற பின்னர், அநீதி இழைக்கப்பட்டவர்களுக்குப் போரிட அனுமதி வழங்கப்பட்டது. அல்ஹஜ் அத்தியாயத்தில் அது உள்ளது. அதை எவரும் அழிக்க முடியாது. ஆனால் அந்த அனுமதிக்கு வேலி உண்டு. போரிடாத பெண்ணைக் கொல்லலாகாது. குழந்தையை, முதியவரை, மடத்தில் வணங்கியிருக்கும் துறவியைத் தொடலாகாது. கனி தரும் மரத்தை வெட்டலாகாது. ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பியபோது கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் இட்ட கட்டளைகள் இவை. தனி மனிதன் ஒருவன் தன் கோபத்துக்குத் தானே தளபதியாகிப் போர் தொடுக்க மார்க்கத்தில் இடமே இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலிய ஊர்களில் கொல்லப்பட்ட குடிமக்களின் உயிரும், அதன் பின்னர் காஸாவில் குண்டுவீச்சில் மடிந்த பல்லாயிரவர் உயிரும் அல்லாஹ் படைத்த உயிர்களே. ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவன் போலாவான் என்ற திருமறையின் தீர்ப்பில் இவருக்கு ஒரு தராசு, அவருக்கு ஒரு தராசு என்பது கிடையாது.

சரி, போர்க்களத்துக்கும் வெறும் கண்ணீருக்கும் இடையே வேறு வழியே இல்லையா? உண்டு. நம் நாடே அந்நியர் ஆதிக்கத்தில் இருந்த காலத்தில் நம் முன்னோர் அந்த வழியில் நடந்து காட்டியிருக்கின்றனர்.

துப்பாக்கி தூக்க மறுத்த ஃபத்வா

முதல் உலகப் போரில் வெள்ளையர் நம் நாட்டுச் சிப்பாய்களை இராக்குக்கும் பலஸ்தீனத்துக்கும் கொண்டு போய்ப் போரிட வைத்தனர். 1917 டிசம்பரில் ஜெருஸலம் நகரம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. அவர்களின் அந்தப் படையெடுப்பில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். இன்று நாம் எந்த பைத்துல் முகத்தஸுக்காகக் கண்ணீர் விடுகிறோமோ, அதை அந்நியர் பிடிக்க நம் நாட்டுக் கைகளும் பயன்பட்டன என்பது கசப்பான உண்மை.

1921 ஜூலையில் கராச்சியில் கூடிய கிலாஃபத் மாநாடு ஒரு தீர்மானம் செய்தது. பிரிட்டிஷ் படையில் ஊழியம் செய்வதும், அதில் சேருவதும், பிறரைச் சேரத் தூண்டுவதும் முஸ்லிமுக்கு மார்க்கப்படி ஆகாது என்பதே அது. யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. எதையும் கொளுத்தச் சொல்லவில்லை. 'உன் போருக்கு என் கையைத் தரமாட்டேன்' என்ற பொருள் மட்டுமே அதில் இருந்தது. ஆனால் குண்டு வீச்சைவிட அதைக் கண்டு ஆட்சியாளர் அதிகம் அஞ்சினர். மௌலானா முஹம்மது அலீ, மௌலானா ஷௌகத் அலீ, தேவ்பந்தின் பேரறிஞர் மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ, டாக்டர் ஸைஃபுத்தீன் கிச்லூ முதலியோர் கைதாகி, இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றனர். அதே வழக்கில் அவர்களோடு குற்றவாளிக் கூண்டில் நின்றவர் யார் தெரியுமா? ஹிந்துக்களின் சங்கராச்சாரியார்களில் ஒருவரான பாரதி கிருஷ்ண தீர்த்தர்! அவர் விடுதலை செய்யப்பட்டார். ஆலிமும் ஆச்சாரியாரும் ஒரே கூண்டில் நின்ற அந்தக் காட்சியை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

செஞ்சட்டைப் பட்டாளம்

எட்டாண்டுகள் கழிந்தன. வடமேற்கு எல்லைப் புறத்தில், பெஷாவருக்கு அருகே உத்மான்ஸை என்னும் கிராமத்தைச் சேர்ந்த கான் அப்துல் கஃப்பார் கான் அவர்கள், 1929-ஆம் ஆண்டு ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். தமிழகம் அவர்களை 'எல்லை காந்தி' என்று அறியும். அமைப்பின் பெயர் 'குதாயி கித்மத்கார்', அதாவது இறைவனின் ஊழியர்கள். வெள்ளை ஆடை சீக்கிரம் அழுக்காகிறது என்று செங்கல் நிறச் சாயம் தோய்த்து அணிந்தனர். ஆகவே செஞ்சட்டையினர் என்று பெயர் பெற்றனர்.

பட்டாணியர் சமுதாயம் எத்தகையது? துப்பாக்கி இல்லாத வீடு இல்லை. பாட்டன் காலத்துப் பகைக்குப் பேரன் பழி வாங்குவான். வாங்காவிட்டால் அவனை ஆண்மகன் என்று ஊரே மதிக்காது. வாய்க்கால் தண்ணீருக்கும் வரப்புக்கும் தொடங்கிய சண்டை பல தலைமுறைகளைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட மக்களிடம் சென்று அவர் பிரிட்டிஷாரை எதிர்ப்பது பற்றி முதலில் பேசவில்லை. பள்ளிக்கூடங்கள் திறந்தார். ஊர் ஊராக நடந்து குடும்பப் பகைகளைத் தீர்க்கச் சொன்னார். படையில் சேர வந்தவர்களிடம் சத்தியம் வாங்கினார். அல்லாஹ்வுக்கு நம் ஊழியம் தேவையில்லை, அவன் படைப்புகளுக்குச் செய்வதே அவனுக்குச் செய்யும் ஊழியம் என்பது அதன் அடிப்படை. வன்முறையைக் கைக்கொள்ளமாட்டேன், பழி வாங்கமாட்டேன், எனக்குக் கொடுமை செய்தவரை மன்னிப்பேன், சண்டை சச்சரவிலும் குடும்பப் பகையிலும் கலந்துகொள்ளமாட்டேன், தினந்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஊர் ஊழியத்துக்குத் தருவேன், அதற்குக் கூலி எதிர்பார்க்கமாட்டேன் என்பன அதில் இருந்தன. இது புதிதாக வந்ததல்ல, மக்காவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஏந்திய ஆயுதமே என்பதை அவர் தம் மக்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தார்.

1930 ஏப்ரலுக்கு வருவோம். நம் தமிழகத்தில் ராஜாஜி அவர்களும் தொண்டர்களும் உப்புச் சட்டத்தை மீறத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்துகொண்டிருந்த அதே நாள்கள். ஏப்ரல் 23 அன்று கஃப்பார் கான் அவர்களும் மற்றத் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் மக்கள் கூடினர். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. பின்னர் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. மாண்டவர் தொகையைச் சர்க்கார் குறைத்துச் சொன்னது. மக்கள் நூற்றுக்கணக்கில் என்றனர். முன்வரிசை விழுந்தால் பின்வரிசை முன்னே வந்து நின்றது. துப்பாக்கி பிடிக்கவே பிறந்தவர்கள் என்று உலகம் எண்ணியிருந்த பட்டாணியர், வெறும் மார்பைக் காட்டி நின்றனர்.

அன்று இன்னோர் அதிசயமும் நடந்தது. கார்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவினரைச் சுடுமாறு அதிகாரிகள் ஏவினர். அவர்கள் இமயமலைப் பகுதியின் ஹிந்துச் சிப்பாய்கள். எதிரே நிற்பவர்கள் முஸ்லிம்கள். சுட்டிருந்தால் யாரும் அவர்களைக் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் சந்திர சிங் கார்வாலி என்ற வீரரின் தலைமையில் அவர்கள் நிராயுதபாணிகளைச் சுட மறுத்துவிட்டனர்! இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1941-ல்தான் விடுதலையானார்.

சகோதரர்களே! இதைச் சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு துப்பாக்கி வெடித்திருந்தால் அந்தச் சிப்பாயின் மனம் இரங்கியிருக்குமா? நன்மையும் தீமையும் சமமாகா, தீமையை அழகியதைக் கொண்டே தடு, அப்போது உன் பகைவனும் உற்ற நண்பனைப் போலாகிவிடுவான் என்ற கருத்தை ஹாமீம் ஸஜ்தா அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். அதையடுத்தே, இந்த நிலை ஸப்ர் உடையவர்களுக்கன்றி வேறெவருக்கும் வாய்க்காது என்றும் ஓதுகிறோம். அந்த வசனத்தின் விளக்கவுரையை அன்று பெஷாவர் கடைவீதியில் கண்ணாலேயே காண முடிந்தது.

"சரி ஹஸ்ரத், அவர் ஜெயிச்சாரா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1940-ல் உலகப் போரின்போது, சில நிபந்தனைகளோடு போருக்கு ஒத்துழைக்கலாம் என்று காங்கிரஸ் காரியக் கமிட்டி சாய்ந்தபோது, எனக்கு அஹிம்சை வெள்ளையனிடம் மட்டும் காட்டும் தந்திரமல்ல என்று அதிலிருந்து விலகியவர் அவர். 1947-ல் நாடு பிரிந்தது அவர் விரும்பாத ஒன்று. பாகிஸ்தான் அமைந்த பின்னரும் அவரைச் சிறை வாசலே வரவேற்றது. 1948 ஆகஸ்ட் 12 அன்று பாப்ரா என்னுமிடத்தில் அவருடைய தொண்டர்கள் சொந்த நாட்டுச் சர்க்காரின் துப்பாக்கிக்கே பலியாயினர். அவர் சிறையில் கழித்த காலம் மொத்தம் கால் நூற்றாண்டுக்கும் மேல். 1969-ல் காந்தியடிகள் நூற்றாண்டின்போது இந்தியா வந்த அவர், அஹமதாபாத் கலவரச் செய்தி கேட்டு, விருந்துகளை ஒதுக்கி மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் காலமானார். அவர் விருப்பப்படி ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாதில் அடக்கம் செய்தனர். அங்கே போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஜனாஸாவுக்காக இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்தன. கைபர் கணவாய் வழியாக ஆயிரக்கணக்கானோர் எல்லை கடந்து சென்றனர். அப்போதும் குண்டு வைத்தவர்கள் இருந்தனர். சில உயிர்கள் போயின. உலகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால், போரிடும் இரு கூட்டத்தாரும் ஒரு மையித்துக்காகப் போரை நிறுத்தும் மரியாதை எந்தத் தளபதிக்குக் கிடைத்தது?

நம் ஊரிலிருந்து கிழக்கே செல்லும் சாலையில் செஞ்சிக் கோட்டையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பீஜாப்பூர் சுல்தானின் படை அதைப் பிடித்தது. 1677-ல் சிவாஜி பிடித்தார். முகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுப் பிடித்தனர். 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். ஒவ்வொருவரும் இனி இது தமக்கே என்றுதான் எண்ணியிருப்பர். இன்று அங்கே மதிலின் விரிசலில் செடி முளைத்திருக்கிறது. சுற்றுலா வந்த பிள்ளைகள் மூச்சிரைக்கப் படியேறுகின்றனர். நாள்களை மனிதரிடையே மாறி மாறி வரச் செய்பவன் அல்லாஹ். ஆக்கிரமிப்பு எதுவும் கியாமத் வரை நீடிக்கும் பட்டயம் பெற்று வந்ததல்ல.

பலஸ்தீனத்தின் ஸுமூத்

நம்முடைய வேதனைக்குரிய பூமிக்கே வருவோம். அங்குள்ள மக்கள் 'ஸுமூத்' என்று ஒரு சொல்லை வழங்குகின்றனர். நிலைகுலையாது நிற்றல் என்று பொருள். பெத்லஹேமை அடுத்த பைத் ஸாஹூர் என்ற ஊரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர். முதல் இன்திஃபாளா காலத்தில், எங்களை ஆக்கிரமித்திருக்கும் இராணுவத்துக்கு வரி கட்டமாட்டோம் என்று ஊரே மறுத்தது. 1989-ல் இராணுவம் வாரக்கணக்கில் ஊரை அடைத்து, வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்து கொண்டு போனது. நாற்காலி போனது, குளிர்பெட்டி போனது, மக்கள் அசையவில்லை.

2003-ல் மேற்குக் கரையின் புத்ருஸ் என்னும் சிற்றூர். இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவர் அவ்வூரின் ஒலிவத் தோட்டங்களை விழுங்க வந்தது. ஊரார் ஆணும் பெண்ணும் மண் வாரும் இயந்திரத்தின் முன்னே போய் நின்றனர். மனச்சாட்சியுள்ள இஸ்ரேலியர் சிலரும் அவர்களோடு வந்து நின்றனர். மாதக்கணக்கில் தடியடியும் கண்ணீர்ப்புகையும். இறுதியில் சுவரின் பாதை மாற்றப்பட்டது. நிலத்தில் பெரும்பகுதி தப்பியது. மல்லாட்டைக் காட்டை உயிராக மதிக்கும் நம் பகுதி மக்களுக்கு, ஓர் ஒலிவ மரத்துக்காக உயிரைப் பணயம் வைப்பதன் அருமை தெரியாமல் போகாது.

2023 அக்டோபர் இறுதியில், அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துப் பெரிய ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான யூதர்களும் அவர்களின் நண்பர்களும் உட்கார்ந்து, எங்கள் பெயரால் இந்தப் போரை நடத்தாதே, நிறுத்து என்று முழங்கினர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அன்று கார்வாலிச் சிப்பாய், இன்று இவர்கள். ஆகவே ஒரு சமுதாயத்தை முழுவதும் சபித்து நம் கைபேசியில் வரும் செய்தியை அடுத்தவருக்குத் தள்ளும் முன் அல்லாஹ்வை அஞ்சுங்கள். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அந்தத் தம்பி கேட்டது இதுதானே? நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது.

முதலாவது, துஆவையே முறையாகச் செய்வோம். பிஃரு மஊனாவில் குர்ஆனை மனனம் செய்த எழுபது தோழர்கள் கொல்லப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மாதம் குனூத் ஓதினார்கள். சோதனைக் காலத்தில் ஓதும் இந்தக் குனூத் நாஸிலாவை ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து வேளையும், ஹனஃபி மத்ஹபில் ஃபஜ்ரிலும் ஓதலாம். அது நம் உள்ளத்தை அந்த மக்களோடு கட்டிப்போடும் கயிறு. கட்டுண்டவன் மறக்கமாட்டான்.

இரண்டாவது, உண்மையைப் பேசுவோம். கொடுங்கோலன் முன் நியாயமான சொல்லைச் சொல்வது ஜிஹாதில் சிறந்தது என்பது நபிமொழியின் கருத்து. கிடைத்த செய்தியைத் தீர விசாரிக்காமல் பரப்புவது உண்மை பேசுவதாகாது. கூட்டம் கூடுவதென்றால் முறைப்படி அனுமதி பெற்று, அக்கம்பக்கத்து ஹிந்து, கிறிஸ்தவச் சகோதரர்களையும் அழைத்துக் கூடுங்கள். அங்கே ஒரு கல் பறந்தாலும், ஒரு பெட்டிக்கடைக்காரர் அஞ்சிக் கதவை இழுத்தாலும், அந்த மக்களுக்கு நீங்கள் செய்தது உதவியல்ல.

மூன்றாவது, ஈகை. சட்டம் அனுமதிக்கும் வழியில், நம்பகமானோர் மூலம், பசித்தவனுக்கு உணவும் நோயாளிக்கு மருந்தும் போய்ச் சேரச் செய்யுங்கள். யமாமாவின் தலைவர் துமாமா (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்றதும் மக்காவுக்குக் கோதுமை போவதைத் தடுத்துவிட்டார்கள். தம்மை ஊரை விட்டுத் துரத்திய அதே மக்காவாசிகள் பசியால் முறையிட்டபோது, தானியத்தை விட்டுவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் எழுதியனுப்பினார்கள். பட்டினியை ஆயுதமாக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. காஸாவில் மாவு மூட்டைக்காக வரிசையில் நின்றவர்களை எண்ணும்போது இந்தச் சம்பவம் நினைவுக்கு வராமலிருக்குமா?

நான்காவதைச் சொல்லும் முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜும்ஆ முடிந்ததும் அதே இளைஞர் வந்தார். நான் சொன்ன அனைத்தையும் அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். "அங்க இருக்கிறவங்களுக்கு அது போதுமா ஹஸ்ரத்?" என்றுதான் கேட்டார். போதுமா போதாதா என்று தீர்ப்புச் சொல்ல, குண்டு விழாத ஊரில் இருக்கும் எனக்கு வாயில்லை. அதையே அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அந்தப் பட்டாளத்து சத்தியத்த ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. கடையில ஒட்டி வைக்கிறேன்" என்றார்.

அன்று இஷாவுக்குப் பின் உட்கார்ந்து எழுதினேன். வன்முறை செய்யமாட்டேன் என்று எழுதினேன். பழி வாங்கமாட்டேன் என்று எழுதினேன். குடும்பப் பகையில் கலந்துகொள்ளமாட்டேன் என்று எழுத வந்தபோது பேனா நின்றுவிட்டது.

என் சொந்த ஊரில் எங்கள் குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு கிணறு உண்டு. மோட்டார் ஓட்டும் முறையில் தகராறு வந்து, என் பெரியத்தா மகனும் நானும் பேச்சை நிறுத்தி மூன்றாண்டுகள் ஆகிவிட்டன. பெருநாள் தொழுகையில் ஒரே பள்ளியில் அவர் ஒரு கோடியில் நிற்பார். நான் மறு கோடியில். மூன்று நாளைக்கு மேல் தன் சகோதரனை வெறுத்து ஒதுங்குவது ஒரு முஸ்லிமுக்கு ஆகாது என்ற ஹதீஸை எத்தனையோ முறை மிம்பரில் நின்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு கிணற்றுத் தண்ணீரை விட்டுக்கொடுக்க முடியாதவன், பைத்துல் முகத்தஸுக்கு எப்படிச் சமாதானம் கேட்பது? கஃப்பார் கான் அவர்கள் ஏன் வாய்க்கால் சண்டையிலிருந்து தொடங்கினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வரப்புச் சண்டையில் கையைக் கட்டப் பழகிய மக்கள்தாம், பின்னர் துப்பாக்கியின் முன்னும் கை கட்டி நின்றனர். கடைவீதியில் திடீரென்று வந்த வீரமல்ல அது.

அந்த வரியை எழுதி முடித்துத் தாளைத் தம்பியிடம் கொடுத்தேன். மறு வாரம் ஊருக்குப் போய் அண்ணன் வீட்டு வாசலில் ஸலாம் சொன்னேன். அவர் வெளியூர் போயிருந்தார். மதினிதான் வந்து பதில் ஸலாம் சொல்லி, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீர். இன்ஷா அல்லாஹ், மீண்டும் போவேன்.

நான்காவது இதுவே. உங்களுக்கும் ஒரு கிணறோ, ஒரு வரப்போ, ஒரு பாகப்பிரிவினையோ இருக்கக் கூடும். பலஸ்தீனத்துக்காகக் கையேந்தும் முன் அந்த வாசலுக்கு ஒரு முறை போய் வாருங்கள்.

யா அல்லாஹ்! அநீதி இழைக்கப்பட்டவர்களுக்கு உதவுவாயாக! ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணில் அமைதியையும் நீதியையும் நிலைநாட்டுவாயாக! எல்லாத் தாய்மாரின் பிள்ளைகளையும் காப்பாயாக! எங்கள் கைகளை வரம்பு மீறுவதிலிருந்தும், எங்கள் கால்களைப் பின்வாங்குவதிலிருந்தும், எங்கள் நாவுகளைப் பொய்யிலிருந்தும் கட்டி வைப்பாயாக! ஸப்ர் உடையோர் கூட்டத்தில் எங்களையும் சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!